பாட்டு கேட்கிறது, சார் குரல் மட்டும் கேட்கவில்லை: ஹெட்போன் ஜாக் கோளாறுக்கு மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் வங்கித் தேர்வுக்குத் தயாராகிறார். வீட்டு டெஸ்க்டாப்பில் வீடியோ வகுப்பு பார்த்துத்தான் படிப்பு. போன மாதத்திலிருந்து சிபியுவின் முன்புற ஜாக்கில் ஹெட்செட் செருகினால் சினிமாப் பாட்டில் வயலின், கோரஸ் எல்லாம் கேட்கிறது, பாடுபவர் குரல் இல்லை. வகுப்பு வீடியோ போட்டால் சார் பேசுவது சுத்தமாகக் கேட்பதில்லை. பிளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் வருகிறது, கையை எடுத்தால் போகிறது. வேறொரு ஹெட்செட்டிலும் இதே கதை. இரண்டுமே போனில் நன்றாக வேலை செய்கின்றன. சில நாள் ஹெட்செட்டை உருவிய பிறகும் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் ஊமையாகவே கிடக்கிறது. கடையில் காட்டினால் சவுண்ட் சிப் போய்விட்டது, மதர்போர்டு மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்றார்களாம். மாற்றலாமா என்பது கேள்வி.

மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறியே உங்கள் சவுண்ட் சிப் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஹெட்போனில் இடது காதுக்கு ஒரு ஒயர், வலது காதுக்கு ஒரு ஒயர் போகிறது. திரும்பி வருவதற்கு இரண்டுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரே வழி, அதுதான் கிரவுண்ட். பிளக்கைப் பாருங்கள்: நுனி இடது, அடுத்த வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். இந்தக் கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போனால் சத்தம் மொத்தமாக நின்றுவிடும் என்றுதான் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. திரும்பும் வழி இல்லாததால் இடது ஒயரில் வரும் மின்சாரம் இடது காதுக்குள் போய், அங்கிருந்து வலது காது வழியாக வலது ஒயருக்குள் போகப் பார்க்கும். அப்போது உங்கள் காதில் விழுவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். இரண்டு தட்டிலும் ஒரே எடை வைத்த தராசு மாதிரி, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் சத்தம் முள்ளை அசைக்கவே அசைக்காது.

பாட்டுப் பதிவில் பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாக வைப்பதுதான் வழக்கம். அதனால் குரல் காணாமல் போகும். வயலினையும் கோரஸையும் இடமும் வலமுமாகப் பரப்பி வைத்திருப்பார்கள், அதனால் அவை தப்பிக்கும். வகுப்பு வீடியோவில் இருப்பதோ ஒரே மைக்; இடதும் வலதும் அச்சு அசல் ஒன்று. கழித்தால் மிச்சம் பூஜ்யம். சார் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு ஏதாவது போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும் மோனோ பதிவு என்பதால் அதுவும் ஏறக்குறைய மொத்தமாக அடங்கிவிடும். கரோக்கிக்காகப் பாட்டிலிருந்து குரலை எடுக்கும் பழைய முறையும் இதே கழித்தல் கணக்குதான்.

ஆகவே, சிப்பிலிருந்து இடது சத்தமும் வலது சத்தமும் ஒழுங்காக வெளியே வருகின்றன. வந்தால்தான் வித்தியாசமே கேட்கும். சவுண்ட் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரான டிரைவரில் கோளாறு இருந்தாலும் இந்த மாதிரி ஆகாது. ஜாக்கின் கிரவுண்ட் தொடர்பு எங்கோ விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை எந்தக் கருவியும் இல்லாமல் உறுதி செய்யலாம். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போனால் மோனோ ஆடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். விண்டோஸ் 10-இல் அது ஈஸ் ஆஃப் ஆக்சஸ் பகுதியில் ஆடியோவின் கீழ் இருக்கும். பாட்டு ஓடும்போது அதை ஆன் செய்யுங்கள். நல்ல ஜாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. கிரவுண்ட் போன ஜாக்கில் மிச்சமிருந்த வயலினும் சட்டென்று அடங்கிவிடும். அடங்கினால் சந்தேகமே வேண்டாம். பார்த்த பிறகு மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, அதிலேயே இன்று ராத்திரி வகுப்புக்கு ஒரு வழியும் இருக்கிறது. அதே சவுண்ட் பக்கத்தில் உங்கள் ஹெட்போன் சாதனத்தைத் திறந்தால் இடது சேனல், வலது சேனல் என்று இரண்டு ஸ்லைடர் இருக்கும். இடதை 100-இல் விட்டுவிட்டு வலதைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கிரவுண்ட் சரியாக இருந்தால் இடது காதில் மட்டும்தான் கேட்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இரண்டு காதிலும் கேட்கும், கூடவே சார் குரலும் வந்துவிடும். வலது பக்கம் வெறுமையாகிவிட்டதால் கழிக்க ஒன்றும் இல்லை, இடது பக்கச் சத்தம் முழுசாக இரண்டு காது வழியாகவும் ஓடுகிறது. சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். மோனோ சுவிட்ச் மட்டும் ஆஃபில் இருக்கட்டும். தேர்வு நெருங்கும் நேரத்தில் பிள்ளைக்கு ஒரு வகுப்புகூடத் தவறக் கூடாது. ரிப்பேர் முடியும்வரை இப்படி வைத்துப் படிக்கட்டும்.

சரி, கிரவுண்ட் எங்கே விட்டது? உங்கள் ஹெட்செட் இரண்டும் போனில் வேலை செய்வதால் ஹெட்செட் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் போனில் வேலை செய்கின்றன என்பதிலேயே வேறொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இரண்டும் மைக் வைத்த போன் ஹெட்செட்டாகத்தான் இருக்கும். பிளக்கில் உள்ள கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் மூன்று தொடர்பு, வெறும் ஹெட்போன். மூன்று கோடு என்றால் நான்கு தொடர்பு: நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்ட், கடைசியாக அடியில் மைக். இப்போது வரும் போன் ஹெட்செட்டுகளில் இந்த வரிசைதான். டெஸ்க்டாப்பின் முன்புறம் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனியாக இரண்டு ஜாக் இருந்தால், அந்த ஹெட்போன் ஜாக் மூன்று தொடர்புப் பிளக்குக்குச் செய்தது. அதன் கிரவுண்ட் ஸ்பிரிங் பிளக்கின் அடியைத் தேடும். அங்கே போன் ஹெட்செட்டில் கிரவுண்ட் இல்லை, மைக் இருக்கிறது. சில ஜாக்கில் ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிடுவதால் பல வருஷம் பிரச்சினை தெரியாமலே ஓடும். ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்ததும் குரல் போய்விடும். போன மாதம்வரை நன்றாக ஓடியது, இப்போது அழுத்தினால் வருகிறது என்று நீங்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு. ஹெட்செட் ஒயரில் போன் எடுக்கும் பட்டன் இருக்கிறதல்லவா, வகுப்பு ஓடும்போது பிளக்கைத் தொடாமல் அந்தப் பட்டனை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். சார் குரல் உடனே வந்து, பட்டனை விட்டதும் போனால், ஜாக்கின் ஸ்பிரிங் மைக் வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டன் செய்யும் வேலையே மைக்கைக் கிரவுண்டோடு இணைப்பதுதான். அப்படியானால் உங்களுக்குத் தேவை ஒரு ஸ்ப்ளிட்டர்: ஒரு பக்கம் போன் ஹெட்செட் செருகும் ஓட்டை, மறுபக்கம் இரண்டு பிளக், ஒன்று ஹெட்போனுக்கு, ஒன்று மைக்குக்கு. கடையில் கேட்கும்போது ‘போன் ஹெட்செட்டை கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு ஜாக்கில் இரண்டு ஹெட்போன் மாட்டும் வேறு வகையும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அது உதவாது. மதுரை வரும் வேலை இருந்தால் மீனாட்சி பஜாரிலோ டவுன்ஹால் ரோட்டிலோ சுலபமாகக் கிடைக்கும். மதர்போர்டுக்குக் கேட்ட பணத்தோடு பார்த்தால் இதன் விலை ஒன்றுமே இல்லை.

பட்டனை அழுத்தியும் குரல் வரவில்லை என்றால் ஜாக் பக்கம் போவோம். சிபியுவின் பின்புறம் மூன்று நிற ஜாக் இருக்கும்: பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே கொண்டுவர. பச்சையில் உள்ள ஸ்பீக்கர் பிளக்கை உருவிவிட்டு அங்கே ஹெட்செட்டைச் செருகுங்கள். பின்புற ஜாக் நேரே மதர்போர்டில் பதிந்தது. அங்கே குரல் தெளிவாக, பிளக்கை ஆட்டினாலும் அசையாமல் வந்தால் மதர்போர்டு விவகாரம் அதோடு முடிந்தது. கோளாறு முன்புற ஜாக், அதன் சின்ன போர்டு, அங்கிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயர், இந்த மூன்றுக்குள்தான். கடைக்காரரிடம் மறுபடி போனால் ‘பின்னால் போட்டுக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர் செருகிப் பார்த்தாலே அவருக்கும் புரிந்துவிடும்.

ஸ்பீக்கரை முன்புற ஜாக்கில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல யோசனைதான், ஸ்பீக்கர் பிளக்கில் இரண்டு கோடு மட்டும் இருக்கும் என்பதால். கிரவுண்ட் விட்டிருந்தால் ஸ்பீக்கரில் குரல் மறைவதற்குப் பதிலாக ‘ங்ங்’ என்று இரைச்சல் வரும். ஆனால் யு.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அதற்கு யு.எஸ்.பி. ஒயர் வழியாகவே கிரவுண்ட் கிடைத்துவிடும், ஜாக் கெட்டிருந்தாலும் நன்றாகப் பாடும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் முதல் வேலை துடைப்பது. நம் ஊர்த் தூசி, அப்புறம் ஐப்பசி கார்த்திகை ஈரம், இரண்டும் சேர்ந்தால் ஜாக்கின் ஸ்பிரிங்கில் கறை படியும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் கொடுப்பார்கள். சிபியுவை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் மேல் அதைத் தடவி ஜாக்கில் பத்துப் பதினைந்து முறை செருகி உருவுங்கள். செருகிய நிலையில் திருப்பியும் விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஊக்கு, குண்டூசி விட்டுக் குடைய வேண்டாம், ஸ்பிரிங் வளைந்தால் போனதுதான். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி விட்டால் பஞ்சு இழை உள்ளே மாட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடாது, இரண்டே வாரத்தில் தூசி அதில் ஒட்டிப் பழையபடி ஆகிவிடும்.

ஹெட்செட்டை உருவிய பிறகும் ஸ்பீக்கர் பேசாததற்குக் காரணமும் இந்த ஜாக்குக்குள்தான் இருக்கிறது. பிளக் உள்ளே வந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு குட்டி சுவிட்ச் அதில் உண்டு. அதை வைத்துத்தான் ‘ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து’ என்று கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஹெட்போன் இல்லாவிட்டாலும் இருப்பதாகவே நினைக்கும். அழுக்கு ஒரு காரணம். பழைய பிளக்கின் நுனி முறிந்து உள்ளே தங்கியிருப்பது இன்னொரு காரணம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நுனி இருந்தால் பசை தடவி இழுக்கும் வேலையெல்லாம் வேண்டாம், பசை ஸ்பிரிங்கில் இறங்கிவிட்டால் ஜாக்கையே மாற்ற வேண்டிவரும். போர்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு, ரியல்டெக் ஆடியோ புரோகிராமில் முன்புற ஜாக் கண்டறிதலை நிறுத்தும் வசதி இருந்தால் அதை டிக் செய்யுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ஆல்சாமிக்சர் திறந்து ஆட்டோ மியூட்டை நிறுத்தலாம்.

இனி பெட்டிக்குள். மெயின் சுவிட்சை அணைத்து, பவர் ஒயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்கிவிடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றினால் முன்புறத்திலிருந்து மெல்லிய ஒயர்கள் சேர்ந்த ஒரு கேபிள் மதர்போர்டின் அடிப்பக்கம், பெரும்பாலும் பின்புற மூலைக்குப் போகும். கிகாபைட் போர்டில் அந்த இடத்தில் ‘எஃப் ஆடியோ’ என்றும், ஆசுஸ் போர்டில் ‘ஏ ஏ எஃப் பி’ என்றும், எம்.எஸ்.ஐ. போர்டில் ‘ஜே ஏ யு டி 1’ என்றும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இரண்டு வரிசையில் ஒன்பது ஊசிகள் இருக்கும், ஒரு இடம் காலி. கனெக்டரைக் கழற்றி நேராக மறுபடி அழுத்துங்கள். பாதி ஏறிய கனெக்டர் ஆட்டத்தில் தளர்வது சகஜம். பழைய கேபினட்டில் ‘எச்.டி. ஆடியோ’, ‘ஏசி 97’ என்று ஒரே கேபிளில் இரண்டு கனெக்டர் தொங்கும்; எச்.டி. என்று எழுதியதைத்தான் மாட்ட வேண்டும். மற்றதை மாட்டினால் ஹெட்போன் வந்ததும் போனதும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

கேபிள் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த ஒயரை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதிலும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சிபியு வைத்த வீடுகளில். பின்புறத்தில் ஒரு நீளத் தகடு கழன்று திறந்து கிடந்தால் எலி உள்ளே வர அதுவே போதும். ஒரு தகடு வாங்கி மூடிவிடுங்கள். கடிபட்ட ஒயரை அதே நிறத்தோடு சேர்த்து ஈயம் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் போதும்.

ஒயர் நன்றாக இருந்தால் மிச்சம் முன்புறச் சின்ன போர்டு. பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூதான். அதைக் கையில் எடுத்து, ஜாக்கின் கால்கள் போர்டில் ஈயம் வைத்திருக்கும் இடத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல ஈயம் காலைச் சுற்றி வழவழப்பாக ஏறி நிற்கும். விட்டுப்போன ஈயத்தில் காலைச் சுற்றி மயிரிழை மாதிரி வட்டமாக ஒரு விரிசல் ஓடும். ஜாக்கை மெல்ல ஆட்டினால் அந்தக் கால் மட்டும் ஈயத்துக்குள் அசைவது தெரியும். முன்புற ஜாக்கைத் தினமும் செருகி உருவுகிறோம், அந்த இழுப்பு எல்லாம் இந்தக் கால்களில்தான் விழுகிறது. அதனால் நான் முதலில் பார்க்கும் இடமே இதுதான். பிளக்கை அழுத்தினால் வருகிறது, விட்டால் போகிறது என்பதும் இதற்குப் பொருந்தும்.

25 வாட் சால்டரிங் அயர்ன் பழக்கம் இருந்தால் ஃப்ளக்ஸ் தொட்டு, புது ஈயம் வைத்து ஒவ்வொரு காலையும் இரண்டு மூன்று நொடியில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் சூடு வைத்தால் ஜாக்கின் பிளாஸ்டிக் இளகிவிடும். பழக்கம் இல்லை என்றால் போர்டை மட்டும் கழற்றி மொபைல் சர்வீஸ் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இதைவிடப் பத்து மடங்கு சின்ன வேலையெல்லாம் அவர்கள் தினமும் செய்கிறார்கள். ‘ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்ட் கால் விட்டிருக்கிறது, எல்லாக் காலுக்கும் ஈயம் வையுங்கள், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஜாக்கை மாற்றுங்கள்’ என்று சொன்னால் போதும். மல்டிமீட்டர் இருந்தால், கழற்றிய கேபிளில் இரண்டாம் ஊசிக்கான ஓட்டையிலிருந்து ஜாக்கின் கிரவுண்ட் காலுக்குப் பீப் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாம் இடம்தான் ஆடியோ கிரவுண்ட். காலி இடம் எட்டாவது என்பதை வைத்து எண்ணிக்கொள்ளலாம்.

ஹெட்போன்மேலேயே சந்தேகம் உள்ள மற்றவர்களுக்கும் அதே மீட்டர் உதவும். இரண்டு கோடு பிளக்கில் நுனிக்கும் அடிக்கும் இடையே அளந்தால் சாதாரண ஹெட்போனில் 32 ஓம் பக்கம் காட்டும், வளையத்துக்கும் அடிக்கும் அதே அளவு. நுனிக்கும் வளையத்துக்கும் 64 ஓம் காட்டி, அடியோடு மட்டும் ஒன்றும் காட்டாவிட்டால் ஹெட்போனின் கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிளக்கை ஒட்டி ஒயர் மடங்கும் இடத்தில்தான் அறுபடும்.

சத்தமே வராதவர்கள் மட்டும் சாஃப்ட்வேர் பக்கம் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளில் மானிட்டர் மாட்டியிருந்தால் விண்டோஸ் சத்தத்தை மானிட்டருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு ஹெட்போனுக்கு மாற்ற வேண்டும். டிரைவரா ஹார்டுவேரா என்று பிரிக்க, பென்டிரைவிலிருந்து உபுண்டுவை நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் விண்டோஸ் டிரைவரை மாற்றினால் தீரும். உங்களுக்கு இது தேவைப்படாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிபியுவின் இரும்பைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஏறுகிறதா என்று மகளிடம் கேளுங்கள். ஏறினால் அந்தப் பிளக் பாயின்டில் எர்த் இல்லை. பவர் சப்ளையின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் பெட்டி மேலேயே நிற்கிறது. ஹெட்செட் கிரவுண்டும் அந்தப் பெட்டியோடுதான் சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்யுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முன்புற ஜாக்கோடு மல்லுக்கட்ட விருப்பம் இல்லை என்றால், பின்புறப் பச்சை ஜாக்கிலிருந்து மேஜைக்கு ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் இழுத்துவிடுங்கள். இரண்டு கோடு பிளக் உள்ளதை வாங்கி, மகளின் போன் ஹெட்செட்டுக்கு ஸ்ப்ளிட்டரோடு சேர்த்துப் போடுங்கள். தினசரி இழுப்பு அந்தக் கேபிளின் முனைக்குப் போய்விடும், சிபியுவின் ஜாக் தப்பிக்கும். பின்புற ஜாக்கிலும் ஸ்ப்ளிட்டர் போட்ட பிறகும் குரல் வராமல் போனால்கூட மதர்போர்டு வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் கிடைக்கிறது. அதற்குள் தனி சவுண்ட் சிப் இருப்பதால் போர்டில் இருப்பதைத் தொடவே தொடாது, விண்டோஸ் தனி டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும். முதலில் பட்டன் சோதனையையும் பின்புற ஜாக் சோதனையையும் செய்துவிட்டு, இரண்டிலும் என்ன கேட்டது என்பதையும் பிளக்கில் எத்தனை கோடு என்பதையும் எழுதுங்கள். எந்தக் காலில் ஈயம் வைக்க வேண்டும் என்பதுவரை சொல்லிவிடுகிறேன்.